கிரெடிட் தானாக வந்து சேராது

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் சிலர் டெக்னிக்கல் ரைட்டிங் பக்கமும் திரும்புகிறார்கள். மென்பொருளுக்குப் பயனர் கையேடு, ஏ.பி.ஐ. ஆவணம், கருவியைப் பொருத்தும் வழிமுறை என்று எழுதித் தருகிற வேலை அது. அதில் இன்டர்ன்ஷிப் செய்தால் பட்டத்துக்கான கிரெடிட்டும் பெறலாம் என்பது உண்மைதான். எப்படிப் பெறுவது என்பதில்தான் தவறான நம்பிக்கைகள் பல. அவற்றில் சில பணத்தோடு போகும். ஒன்று விசாவையே பறித்துவிடும்.

நம்பிக்கை: கோடையில் வேலை பார்த்துவிட்டு, கல்லூரி திறந்ததும் சான்றிதழைக் காட்டிக் கிரெடிட் வாங்கிக்கொள்ளலாம்.

பெரும்பாலான துறைகளில் இது நடக்காது. இன்டர்ன்ஷிப்பும் ஒரு பாடம்தான். வேலை தொடங்கும் முன்பே அதற்குப் பதிவு செய்ய வேண்டும். பேராசிரியர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். என்ன கற்கப்போகிறீர்கள் என்று எழுதிய ஒப்பந்தத்தில் நீங்கள், பேராசிரியர், நிறுவன மேற்பார்வையாளர் மூவரும் கையெழுத்திட வேண்டும். அலுவலகத்தில் உட்கார்ந்த நேரத்துக்காக மட்டும் கல்லூரி கிரெடிட் தருவதில்லை. வாராந்தரக் குறிப்பு, எழுதிய ஆவணங்களின் மாதிரிகள், இறுதி அறிக்கை, மேற்பார்வையாளரின் மதிப்பீடு இவற்றைப் பார்த்துத்தான் தருகிறது.

இந்தத் துறைக்கே உரிய சிக்கல் ஒன்று இங்கே இருக்கிறது. வெளிவராத மென்பொருளுக்கு நீங்கள் எழுதிய கையேடு நிறுவனத்தின் ரகசியம். சேரும்போதே ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். பருவ முடிவில் பேராசிரியர் மாதிரி கேட்கும்போது ஒரு பக்கத்தைக்கூட வெளியே எடுக்க முடியாது. உழைத்ததெல்லாம் இருந்தும் காட்ட ஒன்றுமில்லாமல் நிற்பது கொடுமை. ஆகவே எந்தெந்தப் பக்கங்களை, எந்தப் பெயர்களை மறைத்து, யாருக்குக் காட்டலாம் என்பதை முதல் வாரத்திலேயே மேலாளரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். பொதுவெளியில் இருக்கும் திறந்த மூல மென்பொருளுக்கு எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

நம்பிக்கை: எத்தனை மணி நேரத்துக்கு எத்தனை கிரெடிட் என்பது எங்கும் ஒரே கணக்கு.

இல்லை. அமெரிக்க மத்திய அரசின் வரையறைப்படி ஒரு கிரெடிட் என்பது வாரம் 1 மணி நேர வகுப்பும் 2 மணி நேர வெளிவேலையுமாகச் சுமார் 15 வாரம்; மொத்தம் ஏறக்குறைய 45 மணி நேரம். இதையொட்டிப் பல கல்லூரிகள் ஒரு கிரெடிட்டுக்கு 40 முதல் 50 மணி நேர வேலை கேட்கின்றன. 3 கிரெடிட்டுக்கு 120 முதல் 150 மணி நேரம் ஆகிவிடும். அந்தக் கிரெடிட் முதன்மைப் பாடத்தில் சேருமா, விருப்பப் பாடத்தில் சேருமா என்பதும் துறைக்குத் துறை மாறும்.

நம்பிக்கை: கிரெடிட் தந்தால் நிறுவனம் சம்பளம் தர வேண்டாம்.

நிறுவனங்களுக்கு வசதியான நம்பிக்கை இது. ‘பிளாக் ஸ்வான்’ படத்தில் சம்பளமின்றி வேலை செய்த இன்டர்ன்கள் தொடுத்த வழக்கில், 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓர் அளவுகோலை வகுத்தது: இந்த ஏற்பாட்டால் முதன்மையாகப் பயனடைவது யார், மாணவரா நிறுவனமா? அமெரிக்கத் தொழிலாளர் துறை 2018இல் அதை ஏற்றது. அதில் பார்க்கப்படும் ஏழு அம்சங்களில் கல்லூரிப் படிப்போடுள்ள தொடர்பு ஒன்று மட்டுமே. ஊழியர் செய்ய வேண்டிய வேலையை மாணவர் தலையில் கட்டிவிட்டு, கிரெடிட்டைக் காட்டி நிறுவனம் தப்பிவிட முடியாது.

சம்பளம் வாங்கினால் கிரெடிட் கிடையாது என்பதும் பொது விதியல்ல. பல கல்லூரிகள் இரண்டையும் அனுமதிக்கின்றன. ஆனால் கிரெடிட் இலவசமில்லை. கோடைக் கிரெடிட்டுக்குப் பல கல்லூரிகள் தனிக் கட்டணம் வாங்குகின்றன. சம்பளமும் இல்லாமல் கட்டணமும் கட்டி வேலை செய்வது நியாயமில்லை என்பதே என் எண்ணம். வேறு வழி இருந்தால் அந்த இடத்தை ஏற்காதீர்கள்.

நம்பிக்கை: நிறுவனம் ஆஃபர் லெட்டர் தந்தாயிற்று, திங்கட்கிழமை வேலையில் சேர்ந்துவிடலாம்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இதுதான் மிக ஆபத்தானது. வளாகத்துக்கு வெளியே இன்டர்ன்ஷிப் செய்ய வழக்கமாக சி.பி.டி. என்னும், பாடத்திட்டத்தோடு இணைந்த பயிற்சிக்கான அனுமதி வேண்டும். அந்த வேலை பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தால்தான் அதைத் தருவார்கள். கிரெடிட் பாடமாகப் பதிவு செய்வது அதைக் காட்டும் வழக்கமான வழி. பொதுவாக ஒரு கல்வியாண்டு முழுநேரமாகப் படித்திருக்கவும் வேண்டும். சில முதுநிலைப் படிப்புகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. நிறுவனத்தின் பெயரும் தேதிகளும் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் ஏறிய பிறகே முதல் நாள் வேலை. ஒரு நாள் முந்தினாலும் அது அனுமதியற்ற வேலை. மாணவர் அந்தஸ்தே பறிபோகலாம். சம்பளமில்லாத வேலைதானே என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். வாரம் 20 மணி நேரத்துக்கு மேற்பட்ட முழுநேர சி.பி.டி.யை 12 மாதமோ அதற்கு மேலோ பயன்படுத்தினால், அதே நிலைப் படிப்புக்கான ஓ.பி.டி. (படிப்புத் துறையில் வேலை பார்ப்பதற்கான அனுமதி) வாய்ப்பு போய்விடும்.

டெக்னிக்கல் ரைட்டிங் ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கான வேலை, வெறும் பிழை திருத்துவதுதான் என்றும் சொல்கிறார்கள். அதுவும் தவறு. பொறியாளரைக் கேள்வி கேட்டு விவரம் வாங்குவது, மென்பொருளைத் தானே இயக்கிப் பார்ப்பது, கிட், மார்க்டவுன் போன்ற கருவிகளைப் பழகுவது எல்லாம் இந்த வேலையில் அடக்கம். கணினி மாணவர்கள் தயங்க வேண்டியதில்லை.

கோடையில் செய்ய நினைப்பவர்கள் மார்ச்சுக்குள் துறை ஆலோசகரையும் சர்வதேச மாணவர் அலுவலகத்தையும் பார்த்துவிடுங்கள். எத்தனை மணி நேரம், எத்தனை கிரெடிட், எவ்வளவு கட்டணம், எந்தப் பாடத்தில் சேரும் என்ற நான்குக்கும் மின்னஞ்சலில் பதில் வாங்கிய பிறகு நிறுவனத்துக்குச் சம்மதம் சொல்லுங்கள்.