வீடு தாமதமா? ரெராவில் முறையிடும் வழி

ஒப்பந்தத்தில் போட்ட தேதி போய் ஒரு வருஷம் ஆகிறது. ஒரு கையில் வீட்டு வாடகை, மறு கையில் வங்கித் தவணை. பில்டரைக் கூப்பிட்டால், "அடுத்த மாசம் சாவி கொடுத்துடறோம் சார்" என்கிறார். இந்த நிலையில் இருப்பவர்களுக்காகவே 2016-இல் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் அதைச் செயல்படுத்தும் ஆணையம் சென்னை எழும்பூரில் இருக்கிறது. சுருக்கமாக ரெரா என்றால் எல்லோருக்கும் தெரியும். அங்கே வாய்ச்சொல்லைவிடக் காகிதத்துக்கே மதிப்பு அதிகம்.

1. பதிவைப் பாருங்கள்
விளம்பரம் செய்வதற்கு முன்பே திட்டத்தை ரெராவில் பதிவு செய்ய வேண்டும். 500 சதுர மீட்டருக்கு (சுமார் இரண்டேகால் கிரவுண்டு) மிகாத நிலம் அல்லது எட்டுக்கு மிகாத வீடுகள் என்றால் விலக்கு உண்டு. ரெரா இணையதளத்தில் பதிவு எண்ணைத் தேடி, கட்டி முடிப்பதாக பில்டர் சொன்ன தேதியையும் ஒப்புதல் பெற்ற வரைபடத்தையும் நகல் எடுங்கள். பதிவு செய்யாத பில்டருக்குத் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம்.

2. காகிதங்களை அடுக்குங்கள்
ஒப்பந்தம், ரசீதுகள், வங்கிக் கணக்கு விவரம், விளம்பர நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்திகள், எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்குங்கள். விளம்பரத்தில் பொய் சொல்லியிருந்தால் அதற்கும் இழப்பீடு கேட்கலாம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமலே விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கியிருந்தால் அதுவே சட்ட மீறல்.

3. என்ன வேண்டும் என்று முடிவெடுங்கள்
வீடே வேண்டாம் என்றால், கட்டிய பணம் முழுவதையும் வட்டியோடு திரும்பக் கேட்கலாம். வீடு வேண்டும் என்றால், தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம். பணத்தைத் திரும்பப் பெறுவது நிபந்தனையற்ற உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் உறுதி செய்திருக்கிறது. குடிவந்த பிறகு விரிசல் போன்ற கட்டுமானக் குறை தெரிந்தால், ஐந்து ஆண்டுகளுக்குள் தெரிவியுங்கள். பில்டர் 30 நாளில் செலவின்றிச் சரிசெய்து தர வேண்டும்.

4. சரியான படிவத்தைப் போடுங்கள்
பலரும் தடுமாறுவது இங்கேதான். பணத்தைத் திரும்பப் பெறுதல், வட்டி, வீட்டை ஒப்படைத்தல் ஆகியவற்றை ஆணையமே விசாரிக்கும். அதற்கு ‘எம்’ படிவம். கொடுத்த வாடகை, பட்ட மன உளைச்சல் ஆகியவற்றுக்கான இழப்பீட்டை ரெராவின் தீர்ப்பு அலுவலர் முடிவு செய்வார். அதற்கு ‘என்’ படிவம். இரண்டும் வேண்டும் என்றால் இரண்டு மனுக்களைத் தனித்தனியாகப் போட வேண்டும். ஒரே மனுவில் கலந்து கேட்டால் காலம்தான் வீணாகும். வக்கீல் வைக்க முடியாதவர்கள் தயங்க வேண்டாம், நேரில் நீங்களே வாதாடலாம்.

5. விசாரணையில் கேட்டுப் பெறுங்கள்
சம்மன் அனுப்பவும், கணக்குகளையும் ஆவணங்களையும் வரவழைக்கவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் ஆணையத்துக்கும் உண்டு. வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து, அந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும் என்பது விதி. அது மீறப்பட்டதாகச் சந்தேகம் இருந்தால் அந்தக் கணக்கைக் கேளுங்கள். மீதி வீடுகளை பில்டர் விற்றுவிடுவார் என்ற பயம் இருந்தால் இடைக்காலத் தடை கோருங்கள்.

6. உத்தரவோடு நின்றுவிடாதீர்கள்
மேல்முறையீட்டுக்கு 60 நாள் அவகாசம். பில்டர் மேல்முறையீட்டுக்குப் போனால், உங்களுக்குத் தர வேண்டிய தொகையை முதலில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் கட்டியாக வேண்டும். மேல்முறையீடும் இல்லை, பணமும் வரவில்லை என்றால், உத்தரவை நிறைவேற்றித் தரும்படி மனு போடுங்கள். நிலவரி பாக்கியை வசூலிப்பது போலவே வருவாய்த் துறை மூலம் அந்தப் பணத்தை வசூலிக்கச் சட்டம் வழி செய்திருக்கிறது.

இதையெல்லாம் இன்றே தொடங்கலாம். அடுத்த முறை பில்டர் "அடுத்த மாசம்" என்றால், எந்தத் தேதி என்று கேட்டு, அதை மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.