வியாபார ஆங்கிலம்: நிறுத்து, விடு, ஒப்படை

நாம் கடையில் தமிழில் பேசுகிறோம், விலை பேசுவதும் தமிழில்தான், சண்டையும் தமிழில்தான். ஆனால் கையெழுத்துக்கு வரும் காகிதம் மட்டும் இங்கிலீஷில் வருகிறது. அதில் பெயர்ச் சொற்கள் நமக்குப் பழக்கம்: பில், இன்வாய்ஸ், அட்வான்ஸ், டிஸ்கவுண்ட். இடறுவது வினைச் சொற்களில்தான். நிறுத்துவது, விட்டுக்கொடுப்பது, ஒப்படைப்பது என்று நாம் சொல்லும் காரியங்களுக்கு இங்கிலீஷில் ஒரு டஜன் சொல் இருக்கிறது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் பணம் போய்விடும். எனக்குப் போயிருக்கிறது.

1986-இல் அப்பா கல்லாவில் இருந்தார்; நான் பள்ளிக்கூடத்து இங்கிலீஷை வைத்துக்கொண்டு கடிதப் போக்குவரத்தைப் பார்த்தேன். வெளியூர் பார்ட்டி ஒருவருக்கு 60 மூட்டை துவரம் பருப்பு லாரியில் போட்டுவிட்டோம். இரண்டாம் நாள், அந்தப் பார்ட்டி யாருக்கும் பணம் தராமல் கடையைப் பாதி சாத்தி வைத்திருப்பதாகத் தகவல் வந்தது. டிரங்க் கால் கிடைக்கவில்லை. லாரி ஆபீசுக்குத் தந்தி கொடுக்க ஓடினேன். எல்.ஆர். நம்பரைப் போட்டு, ‘சிக்ஸ்டி பேக்ஸ் தால் ஸ்டாப் டெலிவரி டு பார்ட்டி’ என்று எழுதினேன். வார்த்தைக்கு வார்த்தை காசு என்பதால் சிக்கனம்.

தந்தியில் முற்றுப்புள்ளிக்குப் பதிலாக ‘ஸ்டாப்’ என்று எழுதுவது அந்தக் காலத்து வழக்கம். லாரி ஆபீஸ் குமாஸ்தா அதை முற்றுப்புள்ளியாகவே படித்தார். ‘அறுபது மூட்டை பருப்பு. பார்ட்டிக்கு டெலிவரி’ என்று அவருக்கு அர்த்தமாயிற்று. அன்று மாலையே கவனமாகச் சரக்கைக் கொடுத்துவிட்டார்! அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. பார்ட்டியிடமிருந்து பாதிப் பணம் தவணை தவணையாக வந்தது, மீதி வரவேயில்லை. ‘டூ நாட் டெலிவர்’ என்று மூன்று வார்த்தை எழுதியிருந்தால் சரக்கு நின்றிருக்கும். தந்தி 2013 ஜூலையோடு போய்விட்டது. புள்ளி கமா இல்லாமல் செல்போனில் செய்தி அனுப்பும் பழக்கம் மட்டும் திரும்ப வந்திருக்கிறது.

இந்த விஷயத்தில் சட்டம் நம் பக்கம் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 1930-ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தில் மூன்று வினைச் சொற்களைப் பாருங்கள். சரக்கு நம் குடோனில் இருக்கிறது, பணம் வரவில்லை, கடன் தவணையும் தாண்டிவிட்டது என்றால், நாம் சரக்கை ‘வித்ஹோல்டு’ செய்யலாம். அதாவது கொடுக்காமல் கையில் வைத்துக்கொள்ளலாம். சரக்கு கையை விட்டுப் போய்விட்டால் அது ‘பார்ட் வித்’. அப்படிக் கைவிட்டுப் போன சரக்கையும், பார்ட்டி நொடித்துப்போனவராக இருந்தால், வழியிலேயே ‘ஸ்டாப்’ செய்ய 50-ஆம் பிரிவு உரிமை தருகிறது. நொடித்தவர் என்று கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. வழக்கமான வியாபாரத்தில் கடனைக் கொடுப்பதை நிறுத்திவிட்டவர் என்றாலே போதும்.

இந்த உரிமை சரக்கு வழியில் இருக்கும் வரைதான். பார்ட்டியோ அவர் ஆளோ எடுத்துவிட்டால் முடிந்தது. இன்னொரு கண்ணியும் உண்டு. சரக்கு ஊர் சேர்ந்தபின் ‘உங்கள் பேரிலேயே எங்கள் குடோனில் வைத்திருக்கிறோம்’ என்று லாரி ஆபீஸ் பார்ட்டிக்குச் சொல்லிவிட்டாலும் பயணம் முடிந்ததாகத்தான் கணக்கு. ஆகவே கடிதத்தில் மூன்று வாக்கியம் போதும்: டூ நாட் டெலிவர் தி கூட்ஸ் டு தி பையர். ரீ-டெலிவர் தி கூட்ஸ் டு அஸ். வீ வில் பே தி எக்ஸ்பென்சஸ். திருப்பி அனுப்பும் செலவு விற்றவர் தலையில்தான் என்று சட்டமே சொல்கிறது. அதை எழுதிவிட்டால் லாரி ஆபீஸ்காரர் தயங்கமாட்டார். சிலர் ‘ஹோல்டு’ என்று மட்டும் எழுதுகிறார்கள். அது ‘நான் சொல்லும்வரை வைத்திரு’ என்பதுதான். மூட்டை அங்கேயே கிடக்கும், டெமரேஜ் ஏறிக்கொண்டே இருக்கும்.

‘ஸ்டாப்’ சொல்லிலேயே ஒரு இலக்கணப் பிசகு உண்டு. ‘வீ ஸ்டாப்டு சப்ளையிங்’ என்றால் சப்ளை செய்வதை நிறுத்திவிட்டோம். ‘வீ ஸ்டாப்டு டு சப்ளை’ என்றால் சப்ளை செய்வதற்காக வண்டியை நிறுத்தினோம்! இரண்டாவதை எழுதிய கடிதங்கள் என் ஃபைலில் நிறைய உண்டு. நான் எழுதியவையும் அதில் சேர்த்தி.

பேங்கில் ‘ஸ்டாப் பேமெண்ட்’ என்று எழுதிக் கொடுத்தால் செக் வழக்கிலிருந்து தப்பிவிடலாம் என்ற நம்பிக்கை இன்னும் கடைவீதியில் உலவுகிறது. அப்படி நிறுத்திய செக்கும் 138-ஆம் பிரிவுக்குள் வரும் என்று 1998-இலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாயிற்று. கடன் ஏதும் இல்லை என்று காட்டும் பொறுப்பு செக் கொடுத்தவர் மேல்தான் விழும்.

அடுத்தது ‘சீஸ்’. தமிழில் எழுதினால் இரண்டு சொல்லுக்கும் ஒரே எழுத்துத்தான். சி எழுத்தில் தொடங்குவது, பாம்பு சீறுவதுபோல் முடியும். அதற்கு நின்றுபோதல் என்று பொருள். எஸ் எழுத்தில் தொடங்குவது, வண்டு ரீங்காரம்போல் முடியும், அது பறிமுதல். வியாபாரத்தை நிறுத்தியவர் ‘பிசினஸ் சீஸ்டு’ என்று எழுதும்போது முதல் எழுத்தைப் பார்த்துக்கொள்ளவும். தவணைக்காரர் வண்டியைத் தூக்கிப்போவது இரண்டாவது.

விட்டுக்கொடுப்பதில் முக்கியமானது ‘வெய்வ்’. கை அசைத்து வழியனுப்பும் ‘வேவ்’ சொல்லுக்கும் இதற்கும் உச்சரிப்பு ஒன்றுதான், எழுத்துத்தான் வேறு. வட்டிக்குக் கை அசைத்து வழியனுப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டால் மறக்காது. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் 63-ஆம் பிரிவின்படி, வரவேண்டியதை நாமே விட்டுக்கொடுத்தால் அது செல்லும்; பிறகு கேட்க முடியாது. ‘அசலை முதலில் கொடுங்கள், வட்டியைப் பிறகு பார்ப்போம்’ என்று நினைத்துக்கொண்டு ‘வீ வெய்வ் தி இன்ட்ரஸ்ட்’ என்று எழுதிவிடாதீர்கள். தள்ளிவைக்க ‘டிஃபர்’ என்று தனிச்சொல் இருக்கிறது. பேங்குகள் ‘ரைட் ஆஃப்’ செய்தன என்று பேப்பரில் படிக்கிறோமே, அது கணக்குப் புத்தகத்திலிருந்து எடுப்பது மட்டுமே. கடன்காரர் கடன் அப்படியே இருக்கும்.

கடை காலி செய்யும்போது வரும் சொற்கள் இன்னும் பொல்லாதவை. தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர், கட்டட உரிமையாளர் டைப் அடித்து நீட்டிய கடிதத்தில் சாவி கொடுத்ததற்கு ரசீது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டார். அதில் இருந்த வரி: ‘ஐ சரண்டர் தி ஷாப் அண்ட் ரிலின்க்விஷ் ஆல் மை கிளெய்ம்ஸ்.’ முதல் பாதியில் தவறில்லை. ‘சரண்டர்’ என்றால் குத்தகை இடத்தைத் திரும்ப ஒப்படைப்பது. சொத்து மாற்றுச் சட்டம் 111-ஆம் பிரிவிலேயே இருக்கும் சொல். பின்பாதிதான் வினை. ‘ரிலின்க்விஷ்’ என்றால் உரிமையை மனமுவந்து விட்டுவிடுவது. அட்வான்ஸ் பணம் கேட்டுப் போனபோது அந்தக் காகிதத்தைத்தான் எடுத்துக் காட்டினார்கள். ‘ஃபார்ஃபீட்’ என்று எழுதியிருந்தாலாவது, என்ன தப்புச் செய்தேன் என்று கேட்டிருக்கலாம். ஒப்பந்தத்தை மீறியதற்காக இழப்பதுதான் அது. இங்கே அவரே தானமாகக் கொடுத்ததாக ஆகிவிட்டது.

ஜி.எஸ்.டி. விஷயத்தில் ‘சஸ்பெண்ட்’ என்றால் பதிவு தற்காலிகமாக நிறுத்தம். அந்த நாட்களில் வரி போட்டு பில் எழுதக் கூடாது. ‘கேன்சல்’ என்றால் ரத்து. அதன்பின் மூன்று மாதத்துக்குள் கடைசி ரிட்டர்ன் போட வேண்டும். உணவு லைசென்சைத் திருப்பிக் கொடுப்பதற்கும் ‘சரண்டர்’ என்றுதான் பெயர்.

‘யீல்டு’ என்ற சொல்லுக்கும் விட்டுக்கொடுப்பது என்று பொருள் உண்டு. நமக்கு அது வேறு கணக்கு. அரசுக் கொள்முதல் நெல் 100 கிலோ அரைத்தால் பச்சரிசி 67, புழுங்கல் 68 என்று ஆலைக்காரர் ஒப்படைக்க வேண்டுமே, அந்தக் கணக்கு.

கடை காலி செய்யும் அன்பர்கள் இந்த வரியை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்: ‘ஐ ஹேண்ட் ஓவர் தி கீஸ் ஆன் ரிசீட் ஆஃப் தி அட்வான்ஸ் அமௌண்ட்.’ அட்வான்ஸ் பணத்தைப் பெற்றுக்கொண்டு சாவியை ஒப்படைக்கிறேன் என்று பொருள். தொகையை எண்ணிலும் எழுத்திலும் போட்டு, பணம் கைக்கு வந்தபின் கையெழுத்திடவும்.