நம்பிக்கைகளும் உண்மைகளும்: கருப்பு பீரில் கிக் அதிகமா?

குளிர் இறங்கியதும் மியூனிக் பீர்க்கூடங்களில் கருநிறக் கோதுமை பீர்களுக்குக் கிராக்கி கூடிவிடும். கூடவே நம் ஊர்ப் பிள்ளைகளின் புலம்பலும் ஆரம்பமாகும். "அண்ணா, கருப்பு வேணாம்ணா, காலையில மீட்டிங் இருக்கு. மஞ்சள்லயே ஒண்ணு சொல்லுங்க." பக்கத்து மேசையில் இதற்கு நேர் எதிரான ஆள் உட்கார்ந்திருப்பார். "இந்தக் குளிருக்கு மஞ்சளெல்லாம் வெறும் தண்ணிடா. கருப்பு சொல்லு, ஜிவ்வுன்னு ஏறும்." பயந்தவரும் துணிந்தவரும் நம்புவது ஒன்றைத்தான்: கருப்பு என்றால் ஸ்ட்ராங். பீரைச் சுவைத்து மதிப்பிடுவதையே தொழிலாகக் கொண்டவனுக்கு இதைவிட எரிச்சலூட்டும் பேச்சு வேறில்லை. வருஷா வருஷம் சொல்கிறேன், வருஷா வருஷம் அதே கேள்வி வருகிறது. இந்த முறை எழுதியே வைத்துவிடுகிறேன்.

மீட்டிங்குக்குப் பயந்த தம்பியின் கணக்கை முதலில் பார்ப்போம். வைஹன்ஸ்டெஃபான் ஆலையின் கருநிறக் கோதுமை பீரை அவர் ஒதுக்குகிறார். அதே ஆலையின் பொன்னிற 'வீட்டுஸ்' அட்டையில் இருக்கிறது. மஞ்சள்தானே என்று அதைச் சொல்கிறார். ஒதுக்கிய கருப்பில் ஆல்கஹால் 5.3 சதவீதம். வாங்கிய மஞ்சளில் 7.7. அரை லிட்டர் கிளாஸுக்குக் கணக்குப் போட்டால் கருப்பில் சுமார் 21 கிராம், மஞ்சளில் சுமார் 30 கிராம் ஆல்கஹால். பத்திரமாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே ஏறத்தாழ ஒன்றரை மடங்கு குடித்துவிட்டுப் போகிறார். மறுநாள் தலைவலிக்கு 'ஜெர்மன் பீரே இப்படித்தான்' என்று பழி வேறு. (வண்டி எடுப்பவர் இரண்டில் எதையும் தொட வேண்டாம். அதில் பேச்சுக்கே இடமில்லை.)

ஜிவ்வென்று ஏற வேண்டும் என்றவரின் கதையும் இதேதான். எர்டிங்கர் ஆலை குளிர்காலத்துக்கென்றே 'ஷ்னேவைஸ' என்றொரு கோதுமை பீர் விடுகிறது. வழக்கமான வெளிர் நிறத்தைவிடச் சற்று அடர்த்தி. பனிக்கால அலங்காரம் போட்ட லேபிள். உள்ளே 5.6 சதவீதம்தான். அயர்லாந்தின் கின்னஸ் டிராஃப்ட் பார்வைக்குத் தார் மாதிரி இருக்கும், 4.2 சதவீதம். பெல்ஜியத்தின் டுவெல் வைக்கோல் நிறத்தில் பளிச்சென்று இருக்கும், 8.5. இவ்வளவு தூரம் போவானேன்? நம் ஊர்க் கடைகளில் 'ஸ்ட்ராங்' என்று லேபிளிலேயே கொட்டை எழுத்தில் போட்டு விற்கும் பீர்கள் என்ன நிறம்? எல்லாம் மஞ்சள். அதைக் குடித்து வளர்ந்தவர்களே இங்கே விமானம் ஏறி வந்து, கருப்பைக் கண்டு கண்ணை உருட்டுவதுதான் எனக்கு விளங்காத மர்மம்.

நிறம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் இந்தக் குழப்பம் வராது. முளைகட்டிய தானியத்தைச் சூட்டில் உலர்த்துவார்கள், அதுதான் மால்ட். 80 டிகிரி செல்சியஸை ஒட்டி உலர்த்தினால் வெளிர் மால்ட். 100 டிகிரியைத் தொட்டால் நிறமும் ரொட்டி மணமும் கூடும். 200 டிகிரிக்கு மேல் சுழலும் உருளையில் போட்டு வறுத்தால் காப்பிக்கொட்டை போல் கருத்துவிடும். இந்தக் கடைசி வகை, நூறு கிலோ மால்ட்டில் ஓரிரு கிலோ சேர்ந்தாலே மொத்த பீரும் பழுப்பாகிவிடும். மிச்சம் பெரும்பகுதி வெளிர் நிற பீருக்குப் போகும் அதே சரக்குதான்.

இன்னொன்றும் உண்டு, இதைத்தான் யாரும் கேட்கக் காணோம். ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றுவது சர்க்கரையை. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பது மால்ட்டில் உள்ள நொதிகள். வறுத்துக் கருக்கிய மால்ட்டில் நொதி உயிரோடு இருக்காது. ஈஸ்ட் தின்னத் தோதான சர்க்கரையும் அதிலிருந்து குறைவாகத்தான் கிடைக்கும். ஆக, எடைக்கு எடை பார்த்தால் கருக்கிய மால்ட் ஆல்கஹாலைக் கூட்டுவதில்லை; வெளிர் மால்ட்டுக்குக் கீழேதான் நிற்கிறது. முறுகல் தோசை வெள்ளைத் தோசையைவிட இரண்டு மடங்கு பசியாற்றும் என்று யாராவது சொன்னால் சிரிப்போம். அங்கே நடப்பதும் இங்கே நடப்பதும் ஒரே வினைதான்: சூட்டில் சர்க்கரையும் புரதத் துணுக்குகளும் சேர்ந்து பழுப்பேறும் மையார் வினை.

அப்படியானால் ஸ்ட்ராங் எதில்? ஈஸ்ட் போடுவதற்கு முன் மால்ட் சாற்றில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதில். ஜெர்மனியில் ஒரு பீரை 'போக்' என்று அழைக்க வேண்டுமானால் அந்தச் சாற்றில் குறைந்தது 16 சதவீதம் கரைபொருள் இருக்க வேண்டும். 'டொப்பெல்போக்' என்றால் 18. நிறத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. கோதுமை போக்கான வைட்ஸன்போக்கில் வெளிர் நிறமும் உண்டு, கருநிறமும் உண்டு. மேலே சொன்ன வீட்டுஸ் வெளிர் ரகம்தான். லேபிளில் 'டுங்கெல்' என்று மட்டும் இருந்தால் கருநிறம், அவ்வளவே. 'போக்' என்று இருந்தால்தான் உஷாராக வேண்டும்.

"சுவைத்தாலே தெரியுதே, கருப்பு கனமா இருக்கே" என்பார்கள். தெரிவது நாக்குக்கு அல்ல, கண்ணுக்கு. பாம்பெர்க் நகரத்து வையர்மன் ஆலை 'சினமார்' என்றொரு திரவம் செய்கிறது. வறுத்த மால்ட்டிலிருந்து எடுத்த நிறம்; கொஞ்சம் விட்டாலே பீர் கருத்துப்போகும். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு ஒரே வெளிர் கோதுமை பீரை இரண்டு கிளாஸில் ஊற்றி, ஒன்றில் இதைச் சில சொட்டு விட்டுக் கொடுப்பேன். நிறமேறிய கிளாஸைப் பிடித்தவர்கள் சாக்லேட் என்பார்கள், கேரமல் என்பார்கள், "சார், இது கொஞ்சம் ஸ்ட்ராங்" என்று நெஞ்சைத் தடவிக்கொள்பவரும் உண்டு. பிறகு கண்ணைக் கட்டிவிட்டு அதே இரண்டையும் நீட்டினால் எது எது என்று முழிப்பார்கள். இது என் கண்டுபிடிப்பு அல்ல. 2001இல் ஆய்வாளர்கள் மோரோ, புரோஷே, துபூர்தியூ ஆகியோர் வெளியிட்ட ஆய்வு பிரசித்தம். வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து, ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு வழக்கமாகச் சொல்லும் வார்த்தைகளை அதற்கும் எழுதிக் கொடுத்தார்கள் அந்த மாணவர்கள். படித்தவர்கள் பாடே இது.

அதனால்தான் மதிப்பெண் தாளில் நிறத்துக்கு நாங்கள் கஞ்சத்தனமாகப் போடுகிறோம். உலகமெங்கும் பீர் போட்டிகளில் புழங்கும் பி.ஜே.சி.பி. அமைப்பின் தாளில் மொத்தம் 50 மதிப்பெண். மணத்துக்கு 12, சுவைக்கு 20, வாயில் நிற்கும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த மதிப்புக்கு 10. தோற்றத்துக்கு, அதாவது நிறம், நுரை, தெளிவு எல்லாம் சேர்த்து, 3. அந்த மூன்றை வைத்துக்கொண்டுதான் நம்மவர்கள் மொத்தத் தீர்ப்பும் எழுதுகிறார்கள்.

ஒழுங்காக மதிப்பிட என்ன செய்ய வேண்டும்? ஷ்னைடர் ஆலையின் 'அவென்டினுஸ்' ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1907இல், ஆலையை நடத்திக்கொண்டிருந்த மத்தில்ட ஷ்னைடர் காலத்தில் வந்தது, 8.2 சதவீதம். இது கருப்பும்தான், ஸ்ட்ராங்கும்தான். ஆனால் கருப்பு என்பதால் ஸ்ட்ராங் அல்ல, போக் என்பதால். கிளாஸை நன்றாகச் சாய்த்துப் பிடித்து மெதுவாக ஊற்றி, அடியில் இரண்டு விரல்கடை மிச்சம் இருக்கும்போது பாட்டிலை ஒரு சுழற்றுச் சுழற்றி அடிமண்டியையும் சேர்த்து விடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் கருப்பே இல்லை. கலங்கிய செம்பழுப்பு, ஓரத்தில் மாணிக்கச் சிவப்பு. நுரை சந்தன நிறத்தில் தடித்து நிற்கும். குடிப்பதற்கு முன் மோந்து பாருங்கள். முதலில் அழுகுவதற்கு ஒரு நாள் முந்திய வாழைப்பழம். அதன் பின்னால் கிராம்பு. கிளாஸ் கொஞ்சம் சூடேறியதும் உலர்திராட்சை, அத்தி, சுட்ட ரொட்டியின் மேல்தோல். வாயில் வைத்தால் குமிழிகள் குத்தும், இனிப்பு விரியும், கசப்பு பேருக்கு எட்டிப் பார்க்கும். விழுங்கிய பிறகு தொண்டையில் இதமான சூடு தெரிந்தால் நல்ல சரக்கு. சுருக்கென்று எரிந்து நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை வந்தால் நொதிக்கும்போது ஈஸ்ட்டைச் சூட்டில் வாட்டியிருக்கிறார்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் பாட்டில் பழசு. இவ்வளவையும் ஒரு காகிதத்தில் குறித்துவிட்டுப் பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள். பேசிவிட்டு எழுதினால் எழுதுவது அவருடைய நாக்கு.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை.

"வாழைப்பழ எசன்ஸும் கிராம்பும் போடுறாங்க." போடுவதில்லை. வாழைப்பழ மணம் ஈஸ்ட் உண்டாக்கும் ஐசோஅமைல் அசிடேட். கிராம்பு வாசம், தானியத்தில் இருக்கும் ஃபெருலிக் அமிலத்தை அதே ஈஸ்ட் மாற்றுவதால் வரும் 4-வைனைல் குவையகால். நிஜக் கிராம்பில் மணப்பது யூஜெனால். அது வேறு பொருள். கிராம்பு தூக்கலாக வேண்டும் என்று நினைக்கும் ஆலைக்காரர் மால்ட் கலவையைக் கொஞ்ச நேரம் 45 டிகிரிக்கு அருகில் நிறுத்தி வைப்பார், வித்தை அவ்வளவுதான்.

"கலங்கலா இருக்கு, கெட்டுப்போச்சு." ஈஸ்ட்டும் கோதுமைப் புரதமும். வடிகட்டியது வேண்டுமென்றால் 'கிரிஸ்டல்' என்று தனியாக விற்கிறார்கள்.

"கருப்புன்னா கசக்கும்." கருநிறக் கோதுமை பீரைவிட உங்கள் மஞ்சள் பில்ஸ்னர்தான் கசப்பு. அதில் ஹாப்ஸ் அதிகம்.

"நுரையா ஊத்தி அளவை அடிக்கிறாங்க." ஜெர்மன் கிளாஸில் அரை லிட்டர் கோடு போட்டிருக்கும். கோட்டுக்கு மேலே உள்ள உயரம் நுரைக்காகவே விட்டது. பீர் கோட்டைத் தொடவில்லையா, கேட்டு வாங்குங்கள். தொட்டிருந்தால் வாயை மூடுங்கள்.

"குளிருக்கு உடம்பைச் சூடாக்கும்." இது ஆபத்தான பொய். ஆல்கஹால் தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்களை விரிக்கிறது, வெதுவெதுப்பாக உணர்கிறோம். உண்மையில் உள்ளுடம்பின் சூடு தோல் வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது. மைனஸ் டிகிரியில் ஜாக்கெட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்தால் பிடித்து உள்ளே தள்ளுங்கள்.

இனி என் சொந்த வழக்கு. கிளாஸை ஃப்ரீசரில் வைத்து, பனி பூக்கப் பூக்கக் கொண்டுவந்து வைக்கும் பழக்கத்தை யார் ஆரம்பித்தார்களோ தெரியாது, சில உணவகங்களில் அதைப் பெருமையாக வேறு செய்கிறார்கள். கருப்பா மஞ்சளா என்ற சண்டையைவிட இதுதான் பெரிய அநியாயம். மணம் என்பது ஆவியாகி மூக்குக்கு வருவது. ஜில்லிட்டுக் கிடக்கும் பீரிலிருந்து எதுவும் எழும்பாது. குளிரில் நாக்கும் மரத்துப்போய் இனிப்பை உணராது. போதாக்குறைக்குக் கண்ணாடியில் படிந்த பனித்துகள் மேல் பட்டதும் வாயு பீறிட்டு, பாதி பீர் நுரையாக மேசையில் வழியும். அவென்டினுஸ் மாதிரி ஒரு பீருக்கு 10 டிகிரிக்குக் குறையக் கூடாது, 12 ஆனாலும் பாதகமில்லை. வீட்டில் என்றால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிடம் மேசையில் வைத்துவிட்டுத் திறங்கள். கிளாஸை வெறும் குளிர்ந்த தண்ணீரில் அலசினால் போதும். சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டியிருந்தால் நுரை நிற்காது. விளிம்பில் எலுமிச்சைத் துண்டு செருகியிருந்தால் எடுத்து ஓரம் வையுங்கள், அதிலும் நுரைக்கு எமனான எண்ணெய் உண்டு. உணவகத்தில் பனிக்கிளாஸ் வந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுத்துச் சாதாரணக் கிளாஸ் கேளுங்கள். பரிமாறுபவர் முகத்தைச் சுளிப்பார். கொண்டுவந்து வைத்துவிடுவார்.