குருதியின் வேர்

தேன்கனிக்கோட்டைப் பகுதியில் கேழ்வரகு பயிரிடும் உழவர் கோரையின் இயல்பை நன்கு அறிவர். மேலே தழைத்த புல்லை அறுத்தெறிந்தால் கொல்லை தூய்மையுற்றது போலத் தோன்றும். ஆயினும், மண்ணுள் கிழங்கு உள்ளவரை கோரை மீண்டும் முளைத்தே தீரும். குருதிப் புற்றுநோயின் இயல்பும் ஏறத்தாழ இத்தகையதே.

நம் குருதி பிறக்குமிடம் எலும்பினுள் உள்ள மச்சையாகும். செவ்வணு ஏறத்தாழ 120 நாள் வாழும். குருதியை உறையச் செய்யும் தட்டணு 10 நாள் அளவே வாழும். மாய்ந்தவற்றிற்கு ஈடாக நாள்தோறும் ஏறத்தாழ 20,000 கோடிச் செவ்வணுக்கள் தோன்றுகின்றன. குருதியணுக்கள் அனைத்திற்கும் தாயாய் விளங்குவது குருத்தணு. அது தன்னைப் போன்ற குருத்தணுக்களைப் படைத்துத் தன் குலத்தையும் காக்கும். செவ்வணு, வெள்ளணு, தட்டணு எனப் பலவாயும் விரியும். இவ்வுண்மையை உலகம் உணர, கனடா நாட்டு அறிஞர் தில், மக்கல்லக் ஆகிய இருவரும் எலிகளைக் கொண்டு செய்த ஆய்வால் 1961ஆம் ஆண்டில் வழிகோலினர்.

நெடுவாழ்வே குருத்தணுவின் சிறப்பு; அதுவே அதற்கு இடரும் ஆகும். விரைவில் மடியும் அணுவில் நேர்ந்த பிழை அதனோடு மடியும். குருத்தணுவின் மரபணுவில் நேர்ந்த பிழையோ, அதன் வழித்தோன்றல்களுக்கெல்லாம் செல்லும். ஒரு பிழை பல்லாண்டு தீங்கின்றி இருத்தலும் உண்டு. பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேருமிடத்து, முதிராத வெள்ளணுக்கள் பெருகி மச்சையை அடைத்துக்கொள்ளும். நல்லணுக்கள் குன்றுதலால் உடல் வெளிறும், காய்ச்சல் நீடிக்கும், ஈறு முதலியவற்றில் குருதி கசியும். குருதிப் புற்றுகள் யாவும் குருத்தணுவிலேயே தொடங்குவன அல்ல. சில அதன் வழிவந்த அணுக்களிலும் தொடங்கும்.

ஒருவகை நாட்பட்ட குருதிப் புற்றில் குரோமோசோம் ஒன்று இயல்பினும் சிறுத்திருத்தலை, நோவல், அங்கர்போர்டு என்போர் 1960ஆம் ஆண்டில் கண்டனர். 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் தம்முள் துண்டு மாறியமையே அதன் காரணம் என 1973ஆம் ஆண்டில் சேனட் ரௌலி அம்மையார் விளக்கினார். அப்பிழையின் விளைவை அடக்கும் இமாட்டினிப் என்னும் மாத்திரை 2001ஆம் ஆண்டில் பயனுக்கு வந்தது. அதனால் பலர் நெடுங்காலம் நலமாக வாழ்கின்றனர். எனினும், நோயுற்ற குருத்தணுக்கள் சில கோரைக் கிழங்கு போல மச்சையில் ஒளிந்திருத்தல் கூடும். ஆகவே, "நோய் தீர்ந்தது" எனத் தாமே கருதி மருந்தை நிறுத்தலாகாது. மருத்துவர் சொற்படியே ஒழுகுதல் வேண்டும்.

வேரையே மாற்றும் மருத்துவமும் உண்டு. பிறர் நல்கிய நலமுள்ள குருத்தணுக்களை நோயாளியின் உடலிற் செலுத்தும் அம்முறை, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகின்றது. உடன்பிறந்தார் ஒருவருடைய அணு முற்றும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. அஃது அமையாதபோது, முன்பின் அறியாதார் ஒருவரின் அணு பொருந்துதலும் உண்டு. அத்தகைய கொடையாளரைப் பதிவு செய்யும் தாத்ரி என்னும் அமைப்பு 2009ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றியது.

கொடுத்த குருத்தணுக்களை உடல் சில வாரங்களில் மீண்டும் ஆக்கிக்கொள்ளும். கொடுப்பார்க்குக் குறையாது, பெறுவார்க்கு உயிராவது இக்கொடை. மாணவர்களே, உரிய அகவை எய்தியபின் நீங்களும் இவ்வறத்தை எண்ணிப் பார்ப்பீர்களாக!