பெரனாக்கான் ஸ்டைலில் புது வீடு: அக்காவின் டிப்ஸ்

பிடிஓ வீட்டுச் சாவி வாங்கிய கையோடு ஹால், சமையலறை, பாத்ரூம் எல்லாவற்றுக்கும் பூப்போட்ட டைல்ஸ் என்று பட்டியல் போட்டுவிட்டாயாமே! ஆசை சரிதான் தங்கச்சி. ஆனால் கூன் செங் ரோட்டுப் பெரனாக்கான் வீடுகளில் நாம் பார்த்து மயங்குவது முகப்பை. பழைய பாபா நோன்யா வீடுகளுக்குள்ளே வானம் பார்த்த முற்றம் இருந்தது. வெளிச்சம் நடுவீட்டில் இறங்கியதால்தான் கறுத்த மரச்சாமான்களும் அடர்ந்த வேலைப்பாடும் எடுபட்டன. வீவக வீட்டில் முற்றத்துக்கு எங்கே போவது? அதனால் அறைக்கு ஒரு இடம் மட்டும் கண்ணைப் பறிக்கட்டும். மற்றதெல்லாம் அடக்கமாக இருக்கட்டும். மாடர்ன் பெரனாக்கானின் சூட்சுமம் அவ்வளவுதான்.

1. நிறத்தை ஜாடியிலிருந்து எடு

பெயின்ட் கார்டைப் புரட்டும் முன் ஆர்மீனியன் ஸ்திரீட்டில் இருக்கும் பெரனாக்கான் அரும்பொருளகத்துக்கு ஒரு நடை போய் வா. மூடி போட்ட கம்செங் ஜாடிகளைக் கிட்ட நின்று பார். ரோஜா, பச்சை, மஞ்சள் எல்லாம் கலந்திருக்கும். உனக்குப் பிடித்த ஜாடியிலிருந்து இரண்டே நிறம் எடுத்துக்கொள். ஒன்று அலமாரிக்கோ கதவுக்கோ, இன்னொன்று மெத்தை உறைக்கு. சுவர் வெளிர் வெள்ளையாகவே இருக்கட்டும். நீல வெள்ளைப் பீங்கானைப் பழைய பெரனாக்கான் குடும்பங்களில் துக்க காலத்தில் புழங்குவார்கள். கல்யாண வீட்டுக் களை வேண்டுமென்றால் ரோஜாவும் பச்சையும்தான்.

2. நாலு டைல் சேர்த்துப் பார்

கடையில் ஒற்றை டைலைக் கையில் கொடுத்தால் தலையாட்டிவிடாதே. நாலைத் தரையில் சேர்த்து வைக்கச் சொல். பல டிசைன்களில் மூலைக்குக் கால் பூதான் இருக்கும்; நாலும் கூடினால்தான் முழுப் பூ தெரியும். ஒட்டும் முன் மேஸ்திரியை வெறுமனே பரப்பிக் காட்டச் சொல். வெட்டுத் துண்டு இரண்டு ஓரத்திலும் ஒரே அளவாக விழ வேண்டும். 10% கூடுதலாக வாங்கி வை. பின்னால் ஒன்று உடைந்தால் அதே நிறம் கிடைக்காது.

3. இடம் பார்த்து ஒட்டு

பழைய வீட்டு முகப்புகளில் இருப்பவை பூ மேடாக எழும்பிய பளபளப்பு டைல்ஸ். இங்கிலாந்து, பெல்ஜியம், ஜப்பானிலிருந்து வந்தவை. விரலால் தடவினால் இதழைச் சுற்றிச் சின்னப் பள்ளம் தட்டுப்படும். அடுப்புக்குப் பின்னால் ஒட்டினாயோ, தாளிக்கிற எண்ணெயெல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் குடியிருக்கும். அதை வாசல் சுவருக்கு வைத்துக்கொள். சிமென்ட் டைல்ஸ் ஈரத்தை உறிஞ்சும். புளியும் எலுமிச்சையும் பட்டால் அரித்துத் தடம் விழும். சமையலறைக்கு அச்சிட்ட வழவழப்பான போர்சலின் போதும். க்ரௌட் வெள்ளையில் வேண்டாம், மஞ்சள் கறை போகாது. சாம்பல் நிற எபாக்ஸி கேள்.

4. பாத்ரூமை உடைக்காதே

கட்டடம் முடிந்து 3 ஆண்டு வரை புது வீட்டுக் குளியலறையின் தரை, சுவர் டைல்ஸைப் பெயர்க்க வீவக விடாது. கீழே இருக்கும் நீர்க்கசிவுத் தடுப்பு கெட்டுவிடும், கீழ்வீட்டுக் கூரை ஒழுகும். தரையைப் பொறுத்தவரை டைல், சிமென்ட் பூச்சு எல்லாம் சேர்த்து 50 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பாத்ரூமுக்கு வேலைப்பாடுள்ள கண்ணாடிச் சட்டம் ஒன்று மாட்டினாலே போதும்.

5. கதவும் சாமானும்

பிந்து பாகார் எனும் அரைக்கதவை வீட்டு வாசலில் மாட்ட நினைக்காதே. பல வீடுகளில் முன்கதவு தீ தாங்கும் கதவாக இருக்க வேண்டும். சமையலறை நுழைவில் மாட்டு. காற்று வரும், சிங்க் மறையும். செதுக்கு வேலை செய்த மரச்சாமான் ஒன்றே ஒன்று. கூட வைப்பது பிரம்பு நாற்காலியாக இருக்கட்டும், பார்வைக்குக் கனம் தெரியாது.

6. பூசை மேடைக்குத் தயங்காதே

பெரனாக்கான் என்றால் சீன வம்சாவளியினர் மட்டும் என்று நினைக்காதே. தமிழ் வணிகர் வழி வந்து, மலாய் பேசி, இந்துவாகவே வாழும் மலாக்கா சிட்டிகளும் பெரனாக்கான்கள்தான். செதுக்கிய மரத் திரைக்கு முன்னால் உன் குத்துவிளக்கு தாராளமாகப் பொருந்தும்.

7. வேலை தொடங்கும் முன்

* சாவி வாங்கியதிலிருந்து 1 ஆண்டு வரை கட்டுமானக் குறைகளைச் சரிசெய்து தருவார்கள். ஆனால் உன் ஆள் கைவைக்கும் முன்பே விரிசல், தட்டினால் பொள்ளென்று கேட்கும் டைல் எல்லாவற்றையும் படமெடுத்துப் புகார் கொடு.
* வீவக பட்டியலில் உள்ள காண்ட்ராக்டரா என்று பார். பர்மிட் அவர் வழியாகத்தான். புது வீட்டு வேலைக்கு 3 மாதம்தான் கெடு.
* டைல் வெட்டுவது போன்ற இரைச்சல் வேலை வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டுமே. சனிக்கிழமையை நம்பி ஆளை வரச்சொல்லாதே.
* பாம் ஷெல்டர் சுவரிலும் கதவிலும் கேட்காமல் துளை போட விடாதே.

பட்ஜெட் இடித்தால் ஜாடியையும் நாற்காலியையும் தள்ளிப்போடு. பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று வாங்கிக்கொள்ளலாம். வயரிங்கிலும் குழாயிலும் மட்டும் மிச்சம் பிடிக்காதே. டைல் ஒட்டிய பிறகு அதைத் தொடுவதென்றால் இரட்டைச் செலவு.