மிதிவண்டியின் கழுத்து

கோவில்பட்டியினின்று கிழக்கே எட்டயபுரம் செல்லும் பெருஞ்சாலையை விட்டுப் பிரிந்து, பருத்திப் புன்செய்களின் ஊடே எம் ஊருக்குச் செல்லும் சரளைப் பாதை ஒன்றுண்டு. சென்ற கார்த்திகைத் திங்களில் ஒருநாட் காலை, அப்பாதையிலுள்ள சிறு பாலத்தருகே என் தங்கை மிதிவண்டியினின்றும் வீழ்ந்தாள். பள்ளிக்கு நேரமாயிற்றென்று என் மலைமிதிவண்டியை, ஊரார் 'கியர் சைக்கிள்' என வழங்கும் அதனை, எடுத்துச் சென்றிருந்தாள். முழங்கை தோலுரிந்ததன்றி வேறு தீங்கு நேரவில்லை. "வண்டி திரும்ப மாட்டேன் என்றது, அண்ணே, பிறகு ஒரேயடியாகத் திரும்பிவிட்டது" என்று அவள் கூறிய சொல்லே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. நேரே செல்லுங்கால் ஹாண்டில் ஒரு பள்ளத்திற் சிக்கினாற்போல் நிற்பதும், சற்றே வலிந்து திருப்பினால் 'டக்'கெனத் தாவுவதும் யான் பல திங்களாக அறிந்தனவே. அறிந்தும் வாளாவிருந்தேன். பழகிய கைக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

மிதிவண்டி நேரே செல்கின்றதென்பது வெறுந்தோற்றம். ஓட்டுவோன் இடைவிடாது இம்மியளவு இப்புறமும் அப்புறமும் திருப்பியே சமன் காக்கின்றான். அவ்விம்மியளவுத் திருப்பத்திற்கு இடங்கொடாத வண்டி, மெதுவாகச் செல்லும்போது தள்ளாடும். பின்னர் வேண்டியதினும் மிகுதியாகத் திரும்பும். அன்று பாலத்தருகே நிகழ்ந்தது இதுவே.

நிற்க. கழுத்தென்று யான் கூறுவது யாது? முன்சக்கரத்தைத் தாங்கும் கவையின் தண்டு, வண்டிச் சட்டத்தின் முன்னுள்ள குழாயினூடே மேலேறி ஹாண்டிலோடு பொருந்துகின்றது. அக்குழாயின் மேல்வாயிலும் கீழ்வாயிலும் ஒவ்வோர் எஃகுக் கிண்ணமும், அதனோடு இணையும் கூம்பும், இவ்விரண்டிற்கும் இடையே உருளும் சிறு குண்டுகளும் உள்ளன. கடைக்காரர் கிண்ணத்தைக் 'கப்பு' என்றும், கூம்பைக் 'கோன்' என்றும், குண்டுகளைப் 'பால்ஸ்' என்றும் கூறுவர். மோட்டார் வண்டிகளில் இத்தொகுதி முழுவதற்கும் 'கோன் செட்' என்று பெயர். தமிழ் பயில்வோன் 'கவை' என்று எழுதிக்கொண்டு கடைக்குச் சென்றால், 'போர்க்கா தம்பி?' என்ற வினாவே முதலிற் கிடைக்கும், யான் பட்டறிந்தது.

குண்டின்மீது உருளச் செய்து உராய்வைக் குறைக்கும் உபாயத்திற்கு, 1794ஆம் ஆண்டிலேயே வேல்ஸ் நாட்டு இரும்புத் தொழிலதிபரான பிலிப் வான் என்பவர், குதிரை வண்டியின் இருசின் பொருட்டு உரிமைப் பத்திரம் பெற்றார். அதனை மிதிவண்டிக்கு ஏற்றியவர் பாரிஸ் நகரத்து ஜூல் சூரிரே. 1869 நவம்பரில் பாரிஸிலிருந்து ரூவன் வரை நடந்த பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் என்னும் ஆங்கிலேயர் குண்டுகள் பொருத்திய வண்டியில் ஏறி முதல்வரானார். 1883இல் ஜெர்மனியின் ஷ்வைன்பர்ட் நகரில் பிரீட்ரிக் பிஷர், எஃகுக் குண்டுகளை ஒரே அளவாகக் கடைந்து தீட்டும் யந்திரத்தை அமைத்த பின்னரே அவை எளியோர் வண்டிக்கும் எட்டின. குண்டுகளுள் ஒன்று சிறிதாயின் அது சும்மா இருக்க, ஏனையவை அதன் சுமையையுஞ் சேர்த்துத் தாங்குமாதலின், அவ்வளவொப்புமையே இங்கு உயிர்நிலை.

இனி, கழுத்து ஏன் கெடுகின்றது? மேடுபள்ளங்களில் ஏறியிறங்கும்போது குண்டுகள் சுத்தியல்போல் அறைந்து கிண்ணத்தைக் குழிக்கின்றன என்பதே பலரும் கூறும் காரணம். யானும் அங்ஙனமே எண்ணியிருந்தேன். ஆயின், அதே அதிர்ச்சியைத் தாங்கும் சக்கரத்தின் குண்டுகள் அங்ஙனம் குழிப்பதில்லையே! வேற்றுமை யாதெனில், சக்கரக் குண்டுகள் ஓயாது சுழன்று, செல்லுந்தோறும் கிரீஸைத் தம்மீது பூசிக்கொள்கின்றன. கழுத்துக் குண்டுகளோ ஒருநாளும் முழுச்சுற்றுச் சுற்றுவதில்லை. வண்டி நேரே செல்லும் நெடும்பொழுதெல்லாம் அவை ஒரே இடத்தில் நிற்கின்றன. கவை முன்னும் பின்னும் மயிரிழையளவு அசைய, நின்ற இடத்திலேயே நடுங்குகின்றன. அந்நடுக்கத்தால் கிரீஸ் பிதுங்கி விலகுகின்றது. எஃகோடு எஃகு நேரே தேய்கின்றது. தேய்ந்த நுண்துகள் செந்நிறத் துருவாகின்றது. ஒவ்வொரு குண்டின் கீழும் ஒரு சிறு குழி தோன்றுகின்றது. 1930களில் அமெரிக்க நாட்டில் புகைவண்டியிலேற்றி நெடுந்தூரம் அனுப்பப்பெற்ற புதிய மோட்டார் கார்களின் சக்கரங்களிலும், ஓடாமலே, இத்தகைய குழிகள் காணப்பட்டன. ஓட்டத்தால் தேய்வது ஒருவகை. உருளாமையால் தேய்வது மற்றொருவகை. மிதிவண்டியின் கழுத்து இரண்டாம் வகையைச் சார்ந்ததென்க.

எமது கரிசற் சீமை இந்நோய்க்கு நல்ல விளைநிலம். கோடையில் மண் பிளந்து கிடக்க, சரளைப் பாதையின் தூள் காற்றிலேறிக் கிரீஸோடு கலக்கின்றது; அத்தூளிலுள்ள படிகமணல் எஃகையும் சுரண்டவல்லது. ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்ததும் அதே கரிசல் நீரையுண்டு பருத்துப் பசையாகின்றது. முன்சக்கரம் அள்ளியெறியும் சேறும் நீரும் கவையின் தலையிலுள்ள கீழ்க்கூம்பின்மேலேயே சென்று படிகின்றன. கீழ்ப்பகுதி மேற்பகுதிக்கு முந்திக் கெடுவது இதனாலும், வண்டியின் முன்பாரம் அதன்மேலேயே நிற்பதனாலும் ஆம். சேற்றைக் கழுவுவதாக எண்ணி விசைநீர்க் குழாயை அம்மூட்டுக்கு நேரே பிடிப்போர் உள்ளிருக்கும் கிரீஸையும் வெளியேற்றிவிடுகின்றனர். என் பாட்டனார், தம் காலத்து வண்டிக்காரர் வைக்கோற் கரியையும் ஆமணக்கெண்ணெயையும் குழைத்த மையை இருசுக்கு இட்டதன்றிப் பருத்திப் பொதி ஏற்றமாட்டார்கள் என்பார். அவ்வொழுக்கம் மாட்டுவண்டியோடு நின்றுவிட்டது போலும்.

தங்கை வீழ்வதற்கு முன், ஆனித் திங்களில், ஒரு கடையில் குண்டுகளை மட்டும் மாற்றுவித்தேன். நான்கு நாள் நன்றாயிருந்து, மீண்டும் பழைய நிலையே எய்தியது. அவள் வீழ்ந்தபின், கோவில்பட்டியில் முதிய தொழிலாளி ஒருவரிடம் வண்டியைக் கொண்டுசென்றேன். அவரை அனைவரும் அண்ணாச்சி என்றே அழைப்பர். அவர் கிண்ணத்தைத் துடைத்து என் விரலை அதனுள் வைத்து ஓட்டச் சொன்னார். முன்னும் பின்னும் வரிசையாகக் குழிகள் விரலுக்குத் தட்டுப்பட்டன. "தம்பி, பள்ளத்தில் புதுக் குண்டைப் போட்டால், அது பழைய பள்ளத்தில்தானே போய் உட்காரும்?" என்றார். நான்கு திங்களாக விளங்காதது அக்கணத்தில் விளங்கிற்று.

என் வண்டியின் கவைத்தண்டு மரையற்றது, 28.6 மி.மீ. விட்டமுடையது. 1990க்குப் பின் பரவிய இவ்வகையில், கழுத்தின் இறுக்கத்தை உச்சிமூடியிலுள்ள ஆணி அமைக்கின்றது. அவ்விறுக்கத்தை நிலைநிறுத்துவன ஹாண்டிலைத் தாங்கும் ஸ்டெம்மின் பக்க ஆணிகள். முன்பிருந்த திறந்த குண்டுகளுக்கு மாற்றாக, முத்திரையிட்ட வளையத் தாங்கிகள் கொண்ட தொகுதியை வாங்கத் துணிந்தேன். இவற்றுள் குண்டுகள் ரப்பர் விளிம்பினால் மூடப்பெற்றிருக்கும். தேய்ந்தால் தாங்கியை மட்டும் எடுத்தெறிந்து வேறு வைக்கலாம், கிண்ணத்தைப் பெயர்க்க வேண்டுவதில்லை. எங்கள் மண்ணுக்கு இதனினும் தக்க மாற்றம் வேறில்லை என்பது என் துணிபு. வாங்கும்போது மட்டும் கருத்தூன்றவேண்டும். 41 மி.மீ. வெளிவிட்டமுள்ளதும் 41.8 மி.மீ. உள்ளதும் கண்ணுக்கு ஒன்றே போலிருக்கும். ஒன்றன் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. வளையத்தின் விளிம்பிற் பொறித்த எண்களைப் படித்தே வாங்குக.

பழைய கிண்ணங்களைக் குழாயினுள்ளிருந்து ஒரு பட்டையிரும்பால் இப்புறமொன்றும் அப்புறமொன்றுமாகத் தட்டி வெளியேற்றினோம். ஒரே புறம் தட்டினால் கிண்ணம் சாய்ந்து குழாயின் வாயைக் கோணலாக்கிவிடும். வாய் கோணிய சட்டத்திற்கு மருந்தில்லை. புதியவற்றை ஏற்றச் சுத்தியலைத் தொடவேயில்லை. நீண்ட மரையாணி ஒன்றைக் குழாயினூடே செலுத்தி, இருபுறமும் தடித்த வாஷர்களும் நட்டுகளும் இட்டு, அண்ணாச்சி ஒரு முனையைப் பிடிக்க யான் மறுமுனையைச் சிறிது சிறிதாகத் திருகினேன். கிண்ணங்கள் ஓசையின்றி நேரே சென்று அமர்ந்தன. கீழ்க்கூம்பைக் கவையின் தலையில் இடைவெளியின்றிப் பதித்து, தாங்கிகளின் சாய்ந்த விளிம்பைச் சாய்ந்த இடத்திற்கு நேராக வைத்து, வெளிப்புறமெங்கும் கிரீஸ் பூசினோம்.

இறுக்கும் முறையிலேதான் பலரும் தவறுவர். பக்க ஆணிகள் தளர்ந்திருக்கும்போதே உச்சியாணியை முடுக்குதல் வேண்டும். பக்க ஆணிகளை முன்னரே இறுக்கிவிட்டால் உச்சியாணி எவ்வளவு முடுக்கினும் பயனில்லை. பின்னர் முன்பிரேக்கைப் பிடித்து, மூட்டில் விரலை வைத்து, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுக. விரலுக்கு அசைவு தோன்றின் இறுக்கம் போதாது. ஆயின், அதிர்ச்சி தாங்கும் கவையுள்ள வண்டியில் கால்களிலேயே சிறிது தளர்வு இருக்கும். அதனைக் கழுத்தின் தளர்வென மயங்கி மேலும் முடுக்கினால் புதிய தாங்கி விரைவிற் கெடும். முன்சக்கரத்தைத் தூக்கினால் ஹாண்டில் தானே ஒருபக்கம் சாயவேண்டும். இடையிற் சிக்குதல் கூடாது. இவ்விரண்டும் அமைந்த பின்னரே பக்க ஆணிகளை இறுக்கினோம்.

எல்லோரும் தாங்கித் தொகுதி வாங்கவேண்டுமென்பதில்லை. பாட்டனாரின் பழைய வண்டி, 1949இல் நிறுவப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் செய்தது, மரையுள்ள தண்டுடையது. அதற்குப் புதிய கப்பும் கோனும் குறைந்த விலைக்கே கிடைத்தன. கூட்டில் அடைத்த குண்டுகளை விலக்கி, அதே அளவுள்ள தனிக்குண்டுகளைக் கிரீஸில் பதித்து வரிசையாக இட்டோம். சிறிது இடைவெளி எஞ்சும்வரை இடலாம், நெருக்கித் திணித்தல் ஆகாது. கூட்டினுள் கொள்வதினும் மிகுதியான குண்டுகள் கொள்ளுமாதலின், ஒவ்வொன்றின்மேலும் விழும் சுமை குறைகின்றது.

இப்புரட்டாசியில், மழைக்கு முன், விடுமுறைக்கு ஊர் சென்றபோது பாட்டனார் வண்டியின் கழுத்தைக் கழற்றிக் கிரீஸை மாற்றினோம். கீழ்க்கிண்ணத்தைத் துடைத்து, விரலை உள்ளே ஓட்டிப் பார்த்துக் 'குழி இல்லை, அண்ணே' என்று சொன்னவள் தங்கையே.