குயில்ட் தைக்க எந்த மெஷின் வாங்கலாம்?

ரவிக்கை தைப்பவர்களுக்கு முகூர்த்த மாதங்களில் தூங்க நேரமிருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் மெஷின் சும்மா கிடக்கும். நாமகிரிப்பேட்டை, ராசிபுரம் பக்கம் வீட்டிலிருந்தே தைத்துச் சம்பாதிக்கும் பெண்கள் அந்த வெறும் மாதங்களைக் குயில்ட் தைத்து நிரப்பலாம். மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு அல்லது ஃபைபர் ஷீட், அடியில் ஒரு துணி என மூன்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வை அது. பழைய சேலைகளை அடுக்கிக் குழந்தைக்கு மெத்தை தைத்துக் கொடுத்த பாட்டிகளுக்குத் தெரிந்த வேலைதான். இன்று இதை விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. 2019 ஜனவரியில் சென்னையில் குயில்ட்டுக்கென்றே ஒரு விழா நடந்தது. துணியும் கிட்டத்தில் கிடைக்கிறது. குமாரபாளையத்து லுங்கி வெட்டுத்துண்டுகள் மேலுக்கு ஆகும். அகலமான சென்னிமலை பெட்ஷீட்டை அடியில் போட்டால் நடுவில் மூட்டு வராது. எதுவானாலும் முதலில் நனைத்துக் காயவைத்து, சுருங்குகிறதா, சாயம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இனி மெஷின். வீட்டில் கறுப்பு கால் மெஷின் இருக்கிறதா? அதை விற்றுவிடாதீர்கள். நேர்த்தையல் மட்டுமே போடும் மெஷினில் ஊசி இறங்கும் துளை சின்னது. அதனால் துணி உள்ளே இழுபடாது, தையல் கோடு போட்டதுபோல் வரும். ஜிக்ஜாக் மெஷினில் துளை அகலம். துண்டின் முனை அதில் மாட்டிக்கொள்ளும். சிங்கர் நிறுவனம் 1933இல் கொண்டுவந்த ஃபெதர்வெயிட் 221 நேர்த்தையல் மட்டுமே போடும், சுமார் 5 கிலோ எடையுள்ள சின்ன மெஷின். அமெரிக்கக் குயில்ட்காரர்கள் அதை இன்றும் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். ஒட்டுத்துணிகளைக் கால் இஞ்ச் ஓரம் விட்டு இணைக்கும் வேலை முழுவதற்கும் உங்கள் கறுப்பு மெஷினே போதும்.

சிக்கல் மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போதுதான் வரும். அடியிலிருக்கும் பல் கீழ்த்துணியை மட்டும் பிடித்து நகர்த்தும். மேல்துணியை ஃபூட் அழுத்திப் பிடிக்கும். நாலடி நீளம் தைத்து முடிப்பதற்குள் மேல்துணி விரலளவு மிஞ்சி, கடைசியில் சுருக்கம் விழும். இதற்கு இரண்டு மருந்து. ஒன்று, மேலே உள்ள திருகைத் தளர்த்தி ஃபூட்டின் அழுத்தத்தைக் குறைப்பது. இன்னொன்று, வாக்கிங் ஃபூட். அதிலும் பல் உண்டு என்பதால் மேல்துணியும் கீழ்த்துணியோடு சேர்ந்து நகரும். உங்கள் மெஷினுக்குப் பொருந்துமா என்று மாட்டிப் பார்த்து வாங்குங்கள். 14 அல்லது 16ஆம் நம்பர் ஊசி போட்டு, தையல் நீளத்தை 3 மில்லிமீட்டருக்கு வையுங்கள். குழந்தைப் போர்வை, சோபா விரிப்பு, பை எல்லாம் இதிலேயே ஆகும். முதல் ஆர்டர்களைப் பழைய மெஷினிலேயே முடித்துக் கொடுங்கள்.

கட்டில் அளவுக்கு ஆர்டர் வரும்போதுதான் புது மெஷின் தேவைப்படும். அப்போது முதலில் அளக்க வேண்டியது, ஊசிக்கும் அதன் வலப்பக்கத் தூணுக்கும் இடையிலுள்ள தூரம். 90 இஞ்ச் அகலக் குயில்ட்டை நடுவிலிருந்து தைக்கத் தொடங்கினாலும், 45 இஞ்ச் துணி சுருட்டிய நிலையில் அந்த இடைவெளிக்குள் நுழைந்தாக வேண்டும். வீட்டு மெஷின்களில் அது பெரும்பாலும் ஆறேழு இஞ்ச்தான். கார்மென்ட்ஸ்காரர்கள் பவர் மெஷின் என்று சொல்லும் சிங்கிள் நீடில் மெஷினில் பத்து இஞ்சுக்கு மேல் இருக்கும். முழங்காலால் தள்ளினால் ஃபூட் உயரும், இரண்டு கையும் துணியிலேயே இருக்கும். கனத்த குயில்ட்டோடு மல்லுக்கட்டும்போது இதன் அருமை தெரியும்.

200 டிசைன் போடும் கம்ப்யூட்டர் மெஷினைக் கடைக்காரர் காட்டுவார். குயில்ட்டில் பிழைக்க நினைப்பவர்களுக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பணத்துக்கு இடைவெளி கூடுதலான மெஷின் வாங்கலாம். பவர் மெஷினின் வேகத்தைப் பார்த்தும் மயங்க வேண்டாம். ஜூக்கி டிடிஎல் 8700 நிமிடத்துக்கு 5,500 தையல் வரை போடும். குயில்ட்டுக்கு அதில் கால்வாசியே அதிகம். அதனால் வேகத்தைக் குறைத்து வைக்க முடிகிற சர்வோ மோட்டார் கட்டாயம். பழைய கிளட்ச் மோட்டார் தைக்காதபோதும் ஓடிக்கொண்டே கரண்ட் இழுக்கும். ஊசியும் வேறு: வீட்டு மெஷின் ஊசி பவர் மெஷினுக்குச் சேராது.

கடைக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். ஃபைபர் வைத்த மூன்றடுக்குத் துணி நாலடி நீளத்துக்கு, சுருட்டிய கம்பளி ஒன்று, இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள். கம்பளியைத் தூண் பக்கம் நுழைத்துப் பாருங்கள். துணியை உங்கள் கையாலேயே தைத்து, மேல்துணி மிஞ்சுகிறதா, திருப்பினால் அடிநூல் தொளதொளவென்று கிடக்கிறதா என்று பாருங்கள். ஹெவி வகை மெஷின் என்றால் பல் கரடாக இருக்கும். மெல்லிய காட்டனில் தடம் விழுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது நல்லது.

பணத்துக்கு ஒரு வழி உண்டு. தமிழக அரசு 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 35 வயது நிறைந்த கைவினைஞர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் வரை மானியமும் அறிவிக்கப்பட்டது. இப்போதைய நிலவரத்தை நாமக்கல் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

சேலத்தில் வாங்கினாலும் ராசிபுரத்தில் வாங்கினாலும், ரிப்பேர் என்றால் மெக்கானிக் நாமகிரிப்பேட்டைக்கு வீடு தேடி வருவாரா, எத்தனை நாளில் வருவார் என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தராத கடையில் பணம் கட்டாதீர்கள்.